34 நாள் வெறும் தண்ணீர்

முதல் தடவை நான் செய்தது ரொம்பச் சுலபம். சனிக்கிழமை 60 லிட்டர் மீன் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டேன், ஃபில்டரை ஓடவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 10 கப்பி மீன் வாங்கி வந்து விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையே இரண்டு கப்பி மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடுத்த ஞாயிறு வருவதற்குள் 7 போய்விட்டன.

தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அதன் மேல் சந்தேகம் வரவில்லை. விற்றவர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, ஃபில்டர் ஸ்பாஞ்சில் அழுக்கு சேர்ந்திருக்கிறதே என்று குழாயடியில் பிடித்து நன்றாகப் பிழிந்து அலசியும் வைத்தேன். அந்த அழுக்கில்தான் தொட்டியைக் காப்பாற்ற வேண்டிய பாக்டீரியா அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருந்தது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதையும் முடித்துவிட்டது.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கியது அதற்கப்புறம். 5 மில்லி தண்ணீரில் சொட்டு விட்டுக் குலுக்கினால், அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டும். என் சோதனைக் குழாயில் அடர் பச்சை. மீன் செவுள் வழியாக விடுவதும், கழிவும், மிஞ்சிய தீனியும் எல்லாம் கடைசியில் அம்மோனியாதான். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை வாரா வாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் இல்லை. பத்து மீனை நான் அவற்றின் கழிவுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பிழைத்த மூன்றை நண்பரின் பழைய தொட்டிக்கு அனுப்பிவிட்டு மறுபடி தொடங்கினேன், இந்த முறை மீன் இல்லாமல். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவந்தேன். ஹீட்டர் 27 டிகிரி. பிறகு தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மூன்று கண்ணாடிக் குழாய்களோடு உட்காருவேன்.

"மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குப்பா இவ்வளவு கவனிப்பு?" என்பாள் மகள்.

"இப்போ மீனை வளர்க்கலை கண்ணு, தண்ணியை வளர்க்கறேன்."

அவளுக்கு அது பதிலாகவே படவில்லை.

பத்தாம் நாள் அம்மோனியாவின் பச்சை வெளுத்தது. நைட்ரைட் குழாய் வெளிர்நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போனது. அங்கேதான் பொறுமை போயிற்று. அந்த ஊதா இரண்டு வாரத்துக்கு மேல் அசையவே இல்லை. நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும் என்று தெரிந்திருந்தும், கிட் கெட்டுப்போயிற்றோ என்று குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். அது ஒழுங்காக நீலமே காட்டியது. கடைசியில் 34ஆம் நாள், முந்தைய ராத்திரி மறுபடி விட்ட 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் காலி, நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் ரத்தச் சிவப்பு. பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி அதையும் இறக்கினேன். பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்திருந்தால் பல நாள் மிச்சமாகியிருக்கும். பிழைத்த மூன்றை வாங்கிக்கொண்ட நண்பரிடமே அதையும் கேட்டிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

மீன் வாங்கும்போது நீந்துவதைப் பார்த்ததைவிட, கடைத் தொட்டியில் செத்தது ஏதாவது மிதக்கிறதா, துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கிறதா என்றுதான் அதிகம் பார்த்தேன். தாங்கக்கூடிய ஜாதி என்பதால் ஜீப்ரா டேனியோ, கூட்டமாக வாழ்வது என்பதால் 6. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. வளர்க்க நினைத்த மீன் அத்தனையையும் ஒரே நாளில் விட்டால் 34 நாளில் வளர்ந்த பாக்டீரியா ஈடுகொடுக்காமல் போகலாம் என்று பயம்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்தேன். பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டேன், சூடு சமமாக. அப்புறம் பையின் வாயைச் சுருட்டிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சின்ன டம்ளரால் தொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் வலையில் பிடித்து விட்டேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகவில்லை.

இந்த நிதானம் அரை மணிப் பயணத்தில் வந்த மீனுக்குச் சரி. ஒரு நாள் முழுக்கப் பையில் அடைந்து வந்த மீனுக்கு இதையே செய்தால் ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அதில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். அப்படி வருவதைச் சூடு சமமானதும் உடனே வலையில் மாற்றிவிடுவதே நல்லது.

ஆறும் செடிக்குப் பின்னால் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டன. உடம்பில் கோடே தெரியவில்லை, அவ்வளவு வெளுத்திருந்தன. அன்று தீனி போடவில்லை. விடிந்து பார்த்தால் நீலக் கோடு பளிச்சென்று திரும்பியிருந்தது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன. மூன்றாம் நாள் அம்மோனியா 0.25 காட்டியது. கால்வாசித் தண்ணீர் மாற்றினேன், அடுத்த நாள் பழைய மஞ்சள்.

மூன்று வாரம் கழித்து, தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி வகையான கோரிடோரஸ் 5 வந்தன. அவற்றை நேரே விடாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஹீட்டரும், பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்துத் தனியாக வைத்தேன். ஆறாம் நாள் ஒன்றின் துடுப்பில் உப்புத் தூவியது போல வெண்புள்ளி. மருந்து பெரிய தொட்டிக்குப் போகாமல் அந்த டப்போடு நின்றது. புள்ளி மறைந்து இன்னும் மூன்று வாரம் காக்கவைத்த பிறகுதான் ஐந்தும் உள்ளே போயின. அதில் ஒன்று மரக்கட்டைக்கு அடியிலிருந்து வெளியே வருவதே இல்லை. ராத்திரி தீனி போடும்போது மகள்தான் எண்ணிச் சொல்லுவாள்: "நாலுப்பா... இரு, இரு, அஞ்சு."