ரிப்போர்ட் ஜாப் விழுந்தால் முதலில் லாகைப் பாருங்கள்

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தே மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) சப்போர்ட் பார்க்கிற தம்பி தங்கச்சிகளுக்கு.

ராத்திரி ரிப்போர்ட்டுகளைச் சேமித்து வைக்கிற ஆர்க்கைவ் ஜாப் பாதியில் விழுந்தால் உடனே ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். முதலில் லாகில் அபெண்ட் கோடைப் (ஜாப் ஏன் நின்றது என்று சொல்லும் குறியீடு) பாருங்கள். டி37 என்றால் ஃபைலுக்கு முதலில் ஒதுக்கிய பிரைமரி இடம் தீர்ந்துவிட்டது, கூடுதல் இடமான செகண்டரி கேட்கவே இல்லை. ஜேசிஎல்லில் (ஜாபை ஓட்டும் கட்டளைகள்) ஸ்பேஸ் வரியைத் திருத்தினால் போதும். பி37 என்றால் வால்யூமில், அதாவது டிஸ்க்கில், இடம் இல்லை, அல்லது சாதாரண சீக்வென்ஷியல் ஃபைலுக்கு ஒரு வால்யூமில் கிடைக்கிற 16 எக்ஸ்டென்ட்டும் (டிஸ்க்கில் ஒதுக்கும் இடத் துண்டுகள்) முடிந்திருக்கும்.

இண்டெக்ஸ் விசாம் ஃபைல் (சாவி வைத்துப் பதிவுகளைத் தேடுகிற ஃபைல் வகை) என்றால் கதையே வேறு. முந்தைய ஜாப் ஃபைலை மூடாமல் பாதியில் நின்றிருந்தால், ஃபைல் எதுவரை நிரம்பியிருக்கிறது என்று கேட்டலாக்கில் (ஃபைல் விவரப் பட்டியல்) உள்ள கணக்கு தப்பாக இருக்கும். விசாம் ஃபைல்களைப் பராமரிக்கும் ஐடிகேம்ஸ் புரோகிராமில் வெரிஃபை கட்டளையை ஓட்டினால் அது சரியாகும். ஆனால் உடைந்த இண்டெக்ஸை வெரிஃபை சரிசெய்யாது, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

போன வாரம் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவன், "அண்ணாச்சி, வெரிஃபை பிழையில்லாம ஜீரோ வந்துட்டு, ரிப்போர்ட் இன்னும் திறக்கலையே" என்றான். ஃபைலின் உள்ளமைப்பைச் சோதிக்கும் எக்ஸாமின் கட்டளையைப் போடச் சொன்னேன். இண்டெக்ஸ் டெஸ்டிலேயே பிழை வந்தது. பேக்கப்பிலிருந்து மீட்டான். பதற்றத்தில் ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கும் டெலீட், டிஃபைன் அடிக்காமல் கேட்டானே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.