நத்தார்ப் படங்கள்: வீடே ஒரே செக்கனில் சிரிக்க

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யன்னல்களில் நட்சத்திரக் கூடு தொங்கத் தொடங்கிவிட்டால் 'ஹோம் அலோன்' பார்க்கும் காலம் வந்துவிட்டது. கொழும்பில் பனி எங்கே? டிசம்பர் இரவிலும் மின்விசிறி சுற்றத்தான் வேண்டும். ஆனாலும் எங்கோ அமெரிக்காவில் பனிக்கட்டி உறைந்த படியில் இரண்டு திருடர்கள் வழுக்கி விழுவதைப் பார்க்க, அம்மம்மாவிலிருந்து நேர்சரிப் பிள்ளை வரை ஒரே கூடத்தில் வந்து உட்காருவார்கள்.

அடுத்து வருவது என்னவென்று தெரிந்திருப்பதுதான் இந்தப் படங்களின் சுகம். படிக்கட்டின் மேலிருந்து திருடர்களை நோக்கிப் பெயின்ற் வாளி ஆடி வருமுன்பே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தச் செக்கனில் படமும் சத்தமும் சரியாக வந்து சேர்ந்தால் வீடு முழுவதும் சிரிக்கும், அரைச் செக்கன் பிந்தினால் பாதிப்பேர்தான் சிரிப்பார்கள். கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்த ஒரு செக்கனுக்காகத்தான்.

முதலில் படத்தைப் பற்றி. 'ஹோம் அலோன்' 1990இல் வந்தது. எழுதியவர் ஜோன் ஹியூஸ், இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ், நீளம் 103 நிமிடம். எட்டு வயதுக் கெவினை வீட்டில் விட்டுவிட்டு ஒரு குடும்பமே பாரிஸுக்குப் போவதை நம்ப வைப்பது லேசான காரியமல்ல. ஹியூஸ் ஒவ்வொரு ஓட்டையையும் எப்படி அடைக்கிறார் என்று மறுபடி பார்க்கும்போது கவனியுங்கள். முதல் நாள் இரவு பீட்சா சண்டையில் பால் கொட்டுகிறது. அதைத் துடைக்கும் அவசரத்தில் கெவினின் விமான டிக்கெட்டும் ஈரக் காகிதங்களோடு குப்பைக்குப் போகிறது. தண்டனையாகக் கெவின் மேல்மாடி அறையில் தூங்குகிறான். இரவுக் காற்றில் மின்கம்பி அறுந்து கடிகாரங்கள் நின்றுவிட, எல்லோரும் பிந்தி எழும்புகிறார்கள். தலை எண்ணும் அக்கா, வானுக்குள் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணுகிறாள். பிள்ளைகள் 11 பேர் என்று கணக்குச் சரியாக வருகிறது. விமானத்தில் பெற்றோர் முன்வகுப்பில், பிள்ளைகள் பின்னால், ஆகவே அங்கேயும் கண்ணில் படவில்லை. தொலைபேசி இணைப்பும் பழுது, எடுத்துப் பேசவும் வழியில்லை. இவ்வளவும் நடக்கும்போது நாம் சிரித்துக்கொண்டிருப்பதால் முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. ஐந்தாம் ஆறாம் தடவையில்தான் அந்த டிக்கெட் தெரியும். அதை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அந்த வீட்டின் சுவர்த்தாள், படுக்கை விரிப்பு எல்லாமே சிவப்பும் பச்சையுமாக இருக்கும். நத்தார் நிறம் வீடெங்கும் பூசப்பட்டிருக்கிறது. டிவியில் நிறத்தைக் கூட்டி வைக்கும் 'விவிட்' நிலையில் பார்த்தால் இந்தச் சிவப்பு கண்ணைக் குத்தும். 'சினிமா' அல்லது 'மூவி' நிலைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான டிவிகளில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று திறந்தே இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பழைய படம் வீடியோவில் எடுத்த நாடகம் போலத் தெரியும்.

இனிச் சத்தம். கெடுவது அதிகமும் இங்கேதான். புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி சற்றுப் பிந்தி வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது, ஆனால் வாளி முகத்தில் மோதிய பிறகு 'டங்' என்று கேட்டால் சிரிப்பு செத்துவிடும். ஸ்பீக்கரைக் கம்பியால் இணையுங்கள். மற்றது, பேச்சு மெதுவாகவும் இரைச்சல் பெரிதாகவும் வருவது. படத்தின் ஒலி ஆறு தடத்தில் கலந்திருக்கும், பேச்சு நடுத்தடத்தில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு அதைச் சுருக்கும்போது பேச்சு அமுங்கிப்போகிறது. ஆகவே டிவியின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ'வைத் தெரிவு செய்து, பெரிய சத்தத்தை அடக்கும் 'நைட் மோட்' இருந்தால் அதையும் போடுங்கள். சுவரோடு சுவரான தொடர்மாடி வீட்டில் அயலவருக்கும் அது நல்லது. தலைக்கு மேல் முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியும் வசனத்தை விழுங்கும். அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, மேசை விசிறி ஒன்றைப் பின்வரிசையில் வையுங்கள்.

சப்டைட்டிலில் மூன்று பிழை திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு முந்துவது அல்லது பிந்துவது. இது சின்னப் பிழை. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் 'எச்' விசையை அழுத்தினால் எழுத்து பிந்தும், 'ஜி' முந்தும், ஓர் அழுத்துக்கு 50 மில்லிசெக்கன். இரண்டு, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுவது. டொரோன்டோவிலிருந்து ஒரு சித்தப்பா, லண்டனிலிருந்து ஒரு மாமி டிவிடி கொண்டுவரும் வீடுகளில் இது சகஜம். படம் செக்கனுக்கு 24 பிரேமில் (பிரேம் என்பது ஒரு தனிப்படம்) எடுத்தது, லண்டன் டிவிடியில் 25 பிரேமில் ஓடும். 103 நிமிடப் படம் அங்கே 99 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கென்று செய்த சப்டைட்டிலை டொரோன்டோப் பிரதியில் போட்டால், ஒரு மணி நேரத்தில் எழுத்து சுமார் இரண்டரை நிமிடம் முந்திவிடும். இதை 'ஜி', 'எச்' கொண்டு திருத்த முடியாது. 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை 25இலிருந்து 23.976க்கு (டொரோன்டோப் பிரதியின் 24 துல்லியமாக இதுதான்) மாற்றிச் சேமியுங்கள்.

மூன்றாவது தமிழுக்கே உரிய தொல்லை. பென்ட்ரைவை நேரே டிவியில் செருகினால், பல டிவிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் பெட்டிகள் வரும். பெட்டிகளோ புரியாத குறிகளோ வந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்துப் பாருங்கள். கொம்பு மட்டும் பிரிந்தால் அது டிவியின் குறை, மடிக்கணினியில் ஓடவிட்டு எச்டிஎம்ஐ கம்பியால் இணைப்பதே வழி. விண்டோஸில் 'நிர்மலா' எழுத்துரு தெளிவாக இருக்கும்.

அம்மம்மாவுக்காக நீங்களே தமிழில் எழுதுவதானால், ஒரு துண்டில், அதாவது ஒரே தடவையில் திரையில் தோன்றும் எழுத்தில், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சிரிப்பு வரும் சொல்லைப் பிரித்து அடுத்த துண்டில் போடுங்கள். இல்லாவிட்டால் நடிகர் வாய் திறக்குமுன் வாசித்துவிடுவார்கள். 'ஹோம் அலோன்' கடைசி அரைமணி நேரத்தில் சப்டைட்டிலையே அணைத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கே வசனம் மிகக் குறைவு. கண் கீழே எழுத்தில் இருந்தால் முகம் தவறிப்போகும்.

எந்தப் படம் எந்த நாள்? பாடசாலை விடுமுறையின் முதல் சனிக்கு 'ஹோம் அலோன்'. இரண்டாம் பாகம் 120 நிமிடம், அச்சும் அதே அச்சு. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் திருடர்கள் இரண்டாவது தடவை விழும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். 'தி சன்ரா குளோஸ்' (1994) தொடக்கத்திலேயே நத்தார் தாத்தா கூரையிலிருந்து விழுந்து மறைந்துவிடுவார். அவரை நம்பும் வயதுப் பிள்ளைகள் அழக்கூடும், பக்கத்தில் இருந்து பாருங்கள். 1989இன் 'கிறிஸ்மஸ் வெகேஷன்' பிள்ளைகள் தூங்கிய பிறகு.

24ஆம் திகதி இரவு திருப்பலிக்குப் போக வேண்டும், ஆகவே குட்டையான படம்தான் சரி. 'தி மப்பெட் கிறிஸ்மஸ் கரோல்' (1992) 85 நிமிடம். பொம்மைகளுக்கு நடுவில் மைக்கேல் கெய்ன் சிரிப்புக் காட்டாமல், மேடை நாடகம் போல நடிப்பதால்தான் சுற்றியுள்ள எல்லாம் சிரிப்பாகிறது. திரையரங்குப் பிரதியில் பிரிவுப் பாட்டு ஒன்றை வெட்டியிருந்தார்கள். 89 நிமிடப் பிரதியில் அது இருக்கும். கடைசிப் பாட்டு அதன் எதிரொலி என்பதால் எனக்கு அந்தப் பிரதியே முழுமையானது. 6.45க்குத் தொடங்கினால் சாப்பாட்டுக்கும் உடுத்துவதற்கும் நேரம் தாராளமாக மிஞ்சும்.

25 பின்னேரம், சாப்பிட்டுக் கண் சொருகும் வேளைக்கு 'எல்ஃப்' (2003, 97 நிமிடம்). நத்தார் தாத்தாவின் குள்ளர்களுக்கு நடுவில் நடிகர் வில் ஃபெரல் பூதம்போலத் தெரிவது பெரும்பாலும் கணினி வேலை அல்ல. ஒரே அறையைப் பெரிதும் சிறிதுமாக இரண்டு அளவில் கட்டி, ஒருவரைக் கமராவுக்குக் கிட்டவும் மற்றவரைத் தள்ளியும் வைத்து எடுத்தது. மேசை விளிம்பு எங்கே பொருந்துகிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் திரை கட்டுவோருக்கு: டிசம்பர் கடைசியில் சூரியன் 6 மணியளவில் மறையும், 6.30க்கு நல்ல இருட்டு. ஒற்றைப் படுக்கை விரிப்பு வெளிச்சத்தைப் பின்னால் கசியவிடும், இரட்டையாக மடித்து அயன் செய்து கட்டுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு நாலு மூலை போதாது, கீழ் விளிம்பைத் தைத்து உள்ளே ஒரு தடி செருக வேண்டும். நுளம்புத் திரியைப் புரொஜெக்டர் ஒளி போகும் பாதையில் வைக்காதீர்கள், புகை திரையில் ஓடும். மழைக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி பக்கத்தில் இருக்கட்டும், முதல் துளி விழுந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புரொஜெக்டர் மேல் கவிழ்க்க.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டுத் தாளில் படத்தின் பெயர், பிரதியின் நீளம், சப்டைட்டில் எத்தனை மில்லிசெக்கன் தள்ளியது, ஒலியை எந்த இலக்கத்தில் வைத்தது என்று எழுதி, நட்சத்திரக் கூடும் மின்குமிழ்ச் சரமும் வைக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.