டெல்லி கணேஷும் எங்கள் பொங்கல் நாடகமும்

10 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜில் போட்டேன். முதலில் வந்து விழுந்த செய்தி: நடிகர் டெல்லி கணேஷ் நேற்று இரவு சென்னையில் காலமானார். வயது 80.

சின்னம்மாவிடம் சொன்னேன். பெயரை வைத்து அவருக்கு ஆள் பிடிபடவில்லை. "அவ்வை சண்முகியில ஜெமினி கணேசன்கிட்ட காரியதரிசியா வருவாரே, சேதுராமய்யர்" என்றதும், "அடக் கடவுளே, அவரா!" என்று அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். ரங்கூனில் இன்று பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் நடந்திருக்கும். 400 படங்களுக்கு மேல் நடித்தவர். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு எத்தனையோ வருஷமாக வந்து போன மனுஷர். மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

11 நவம்பர், திங்கள்

இறுதி மரியாதை செய்ய இந்திய விமானப்படையினர் வந்திருக்கிறார்கள். எங்கள் நாடகப் பையன்களுக்கு ஒரே ஆச்சரியம். "மாமா, அவர் பட்டாளத்துல இருந்தாரா?" என்று கேட்டார்கள். ஆமாம். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் பத்து வருஷம். வல்லநாட்டில் பிறந்த கணேசன் வேலை பார்த்துக்கொண்டே டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறியிருக்கிறார். பிறகு சென்னை, காத்தாடி ராமமூர்த்தியின் குழு. 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' மூலம் பாலசந்தர் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்ததும் அவர்தான்.

முதல் படம் வரும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே எதிரே நிற்பவன் பேசும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை மேடை அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அவருடைய எல்லாப் படத்திலும் எனக்குத் தெரிவது அந்தப் படிப்புதான்.

13 நவம்பர், புதன்

கரண்ட் இருந்த நேரத்தில் 'பசி' பார்த்தேன். 1979-இல் துரை எடுத்த படம். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்ததை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் அப்பா, ரிக்‌ஷாக்காரன் முனியாண்டியாக நடித்தவர் கணேஷ். தமிழக அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

அக்ரகாரத்து மாமாவாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குடிசை, குடி, நிறையப் பிள்ளைகள். பாவமாக இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும் என்பதற்காக அவர் எதுவுமே செய்வதில்லை. எங்கள் தெருமுனையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த முனியாண்டிதான். சவாரி கிடைக்காத மத்தியான வேளையில் பயணி சீட்டில் தாங்களே உட்கார்ந்து, கைலியை முழங்கால் வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையை மெட்ராஸில் எந்த ஸ்டாண்டில் நின்று பிடித்தாரோ.

15 நவம்பர், வெள்ளி

தசவுங்மோன் பௌர்ணமி, பர்மியப் பண்டிகை நாள். கடைகள் அடைப்பு. ஒத்திகை இல்லை.

17 நவம்பர், ஞாயிறு

கோயில் மண்டபத்தில் ஒத்திகை. நாடகம் 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட நாட்களில் நடக்கிறது. மொகல் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் செய்த கட்டடத்தில், ஒரு செட்டியார் கடை. ஊருக்குப் போய்விடுவது என்று கடையை நடத்தும் மேலாள் முடிவெடுக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அடுத்தாள் இங்கேயே தங்கப் போகிறார். மேலாளுக்குப் பக்கம் பக்கமாக வசனம். அடுத்தாளுக்கு நாலைந்து வரி.

அடுத்தாள் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வயசுப் பையன்கள் பலர் இப்போது ஊரில் இல்லை. காரணம் இங்கே எல்லாருக்கும் தெரியும். இருக்கிற பையன்களில் நன்றாக நடிக்கக்கூடிய தம்பி ஒருவன், "சும்மா நிக்கிற வேஷம் வேணாம் மாமா, மேலாள் மகன் குடுங்க" என்கிறான். கோபப்படவில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவனை வீட்டுக்கு அழைத்து வந்து 'சிந்து பைரவி' போட்டுக் காட்டினேன். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வரும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. பாடகர் ஜே.கே.பி.யாக வரும் சிவகுமார் அவரை விரட்டிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். பாட்டும் கைதட்டலும் சிவகுமாருக்கு. ஆனால் பிறகு ஜே.கே.பி.யே குடியில் விழும்போது நமக்கு ஞாபகம் வருவது யார்? அவமானப்பட்டுப் போன அந்தக் குருமூர்த்திதான். அவர் முகத்தில் அந்த அவமானம் சரியாக விழாமல் போயிருந்தால், பெரியவரின் வீழ்ச்சியில் பாதிக் கனம் குறைந்திருக்கும். 'நாயகன்' ஐயரும் அப்படித்தான். வேலு நாயக்கர் எவ்வளவு பெரிய ஆள் என்பது எனக்கு அந்த ஐயர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

20 நவம்பர், புதன்

இரவு சின்னம்மாவுக்காக 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காட்டு மணி ஐயர் வந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணச் சாம்பாரில் மீன் கிடக்கிற இடத்தில் நானும் கவனமாகப் பார்த்தேன். கிரேசி மோகன் எழுதிய வசனம் சரவெடி மாதிரி ஓடுகிறது. கமலோடு அந்த வேகத்தில் பேசுகிற மனுஷர் சிரிக்க வைக்க வேண்டும் என்று துளிகூட மெனக்கெடவில்லை. சமையல்காரரின் மானம் போகப் போகிறது என்ற நிஜமான பயம்தான் அந்த முகத்தில். அதனால்தான் நாம் சிரிக்கிறோம். 'தெனாலி'யில் டாக்டர் பஞ்சபூதத்துக்கும் இதே சூத்திரம்.

டிவி சீரியல்களில் நடித்ததை ஏதோ இறங்கி வந்ததுபோலச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களை மாதிரிக் கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குச் சினிமாவைவிட அடிக்கடி அவரைக் காட்டியது டிவிதான். 'மர்மதேசம்' கேசட்டை வீடு மாற்றி வீடு வாங்கிப் பார்த்திருக்கிறோம். டிவிக்கென்று அவர் தன் வேலையில் எதையும் குறைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

தம்பி அடுத்தாள் வேஷத்துக்கு ஒத்துக்கொண்டான்!

மேலாள் சாவிக்கொத்தை நீட்டுகிற கட்டத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம். முதலில் அவன் தன் வசனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்றான். அது சபைக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. "உன் வரியை மறந்துடு. அவர் சொல்றதை இப்பத்தான் முதல் தடவை கேக்கிற. ஊருக்குப் போறேன்னு சொல்றார். உன் பொண்டாட்டி பிள்ளை இங்க இருக்கு. அதை மட்டும் நெனை" என்றேன்.

அடுத்த தடவை சாவி கைக்கு வந்தபோது அவன் வாங்கவில்லை. மேலாள் நீட்டிய கை அப்படியே நின்றது. தம்பி மேசைமேல் திறந்து கிடந்த பேரேட்டை மூடி, அதன் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, அப்புறம்தான் கையை நீட்டினான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலாளாக நடிக்கிற எங்கள் அண்ணனுக்கு வசனம் தொண்டையில் நின்றுவிட்டது. அதுவரை ஒப்பிப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் நிஜமாகப் பேசினார்.

அந்தக் கட்டத்தில் மேலாளின் வசனத்தில் ஆறு வரியை வெட்டிவிட்டேன். அண்ணனே வெட்டச் சொன்னார். அடுத்த ஞாயிறு மதியமே ஒத்திகை. சாயங்காலத்துக்கு ஜெனரேட்டர் கிடைக்காதாம்.