தங்கமா, டின்னா: ஒரு கனெக்டர் படுத்திய பாடு

மோட்டார் சூடே ஏறியிருக்காது. ஆனால் பேனல் 'ஓவர் டெம்பரேச்சர்' காட்டி டிரிப் ஆகும். சர்வீஸ் பையன் போய் சென்சார் கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். மூன்று வாரம் கழித்து அதே தோட்டத்திலிருந்து மறுபடி போன் வரும்.

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டாருக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. மோட்டார் வைண்டிங்கில் இருப்பது இரண்டு வயர் பிடி100 (Pt100) சென்சார்; சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினச் சென்சார். ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை 0.385 ஓம்தான் கூடும். கனெக்டரில் வீணாக ஒரு ஓம் சேர்ந்தாலே இரண்டரை டிகிரி பொய்யாக ஏறிவிடும்.

திரும்பி வந்த டெர்மினலை லென்ஸில் பார்த்தேன். டின் (வெள்ளீயம்) பூச்சில், பின் உரசும் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. டின் மேல் எப்போதும், மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத மெல்லிய ஆக்சைடு இருக்கும். சேற்றின் மேல் காய்ந்த ஏடு மாதிரி. அழுத்தி மாட்டும்போது ஏடு உடைந்து உள்ளிருக்கும் டின் தொட்டுக்கொள்ளும். ஆனால் மோட்டார் அதிர்வில் கான்டாக்ட் சில பத்து மைக்ரான் அசைந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு அசைவிலும் புது டின் வெளிப்பட்டு ஆக்சைடாகி, அந்தத் தூள் அங்கேயே குவிகிறது. கழற்றி மாட்டியபோது துடைபட்டது அதுதான்.

சரி, தங்க முலாம் போடலாம் என்றோம். செலவைப் பார்த்து கேபிள் பக்கம் மட்டும் போட்டோம். போர்டில் இருந்த ஹெடர், அதாவது கேபிள் வந்து மாட்டும் பின் வரிசை, டின்னாகவே இருந்தது. நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. டின் உரசி உரசித் தங்கத்தின் மேல் ஒட்டி, அங்கே ஆக்சைடானது. அடியில் கெட்டியான பரப்பு என்பதால் அது லேசில் உடையவும் இல்லை. புகார் குறையவே இல்லை.

அப்புறம் இரண்டு பக்கமும் தங்கம் கேட்டோம். வந்த சாம்பிள் பளபளவென்றுதான் இருந்தது. எக்ஸ்ரே கருவியில் தடிமன் பார்த்தால் 0.1 மைக்ரான்! கலருக்குப் பூசியது. இப்போது டிராயிங்கிலேயே எழுதிவிடுகிறோம்: இரு பக்கமும் 0.76 மைக்ரான் கடினத் தங்க முலாம் (hard gold), அடியில் குறைந்தது 1.27 மைக்ரான் நிக்கல். நிக்கல் இல்லாவிட்டால் அடியிலுள்ள செம்பு தங்கத்தினூடே ஏறி வந்து மேலே கறுக்கும். பின்னை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் பித்தளையிலிருந்து பாஸ்பர் வெண்கலத்துக்கு (phosphor bronze) மாற்றினோம். சூட்டில் பித்தளையின் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.

சோதனையில் ஒரு கவனம் வேண்டியிருந்தது. கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸை, அதாவது தொடும் இடத்தின் மின்தடையை, 20 மில்லிவோல்ட்டுக்குள் வைத்துத்தான் அளக்க வேண்டும். கூடுதல் வோல்ட் கொடுத்தால் ஆக்சைடு ஏடு உடைந்து, கெட்டதும் நல்லதாகக் காட்டும்.

மோட்டார் பவர் டெர்மினலுக்கும் தங்கம் வேண்டுமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். அது திருகி இறுக்குவது, அசைய இடமில்லை. அங்கே டின்னே போதும்.

ஏற்கெனவே போய்விட்ட பேனல்களில் ஹெடரை மாற்ற முடியவில்லை. கேபிள் பக்கம் பழைய டின் டெர்மினலையே போட்டு, கான்டாக்ட் கிரீஸ் தடவி, கேபிள் ஆடாமல் கிளிப் அடித்துவிட்டு வந்தோம். அதில் இரண்டு மட்டும் திரும்பி வந்தன.