பெயர்தான் போனது, பாட்டு போகவில்லை

தம்பி போன் செய்தபோது குரலே சரியில்லை. ஆச்சி பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் ரெக்கார்டரில் பதிந்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தான். அந்த ஃபோல்டரில் இருந்த எம்பி3 நகல்களை மட்டும் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலில் அழிக்கப் போய், 'ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளையில் நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு 'எல்லாக் கோப்பும்' என்று பொருள். மொத்த ஃபோல்டரும் காலி.

"லேப்டாப்ப ஆஃப் பண்ணிரட்டுமாக்கா?"

"வேண்டாம்டா, எதையும் மூடாத. ஆடாசிட்டி ஓடுதா?"

அவன் ஒலிப்பதிவுகளை எடிட் செய்யும் அந்த ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி உயிர் வந்தது எனக்கு.

அவன் லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸில் 'ஆர்எம்' செய்வது பெயரை நீக்குவது மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருப்பதை லினக்ஸின் மையமான கெர்னல் விடுவிக்காது. பதறிப்போய் ஆஃப் செய்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அதனால்தான், கையோடு கரண்டைப் பிடுங்கு என்று எல்லோரும் சொல்லும் யோசனையை நான் எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை '+எல்1' சேர்த்து ஓட்டச் சொன்னேன். பெயர் போயும் திறந்தே இருக்கும் கோப்புகளை அது பட்டியலிடும். அவன் எடிட் செய்துகொண்டிருந்த ஏயூபி3 ப்ராஜெக்ட் கோப்பு அதில் இருந்தது. கூடவே அதன் 'வால்' (WAL) என்ற துணைக் கோப்பும். ஆடாசிட்டி 3.0 முதல் ப்ராஜெக்ட் என்பது எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸ். கடைசியாகச் செய்த மாற்றங்கள் இந்த வால் கோப்பில் இருக்கலாம். ஓடும் ப்ரோகிராம்களின் விவரங்களைக் காட்டும் 'ப்ராக்' ஃபோல்டருக்குள் ஆடாசிட்டியின் ப்ராசஸ் எண், அதற்குள் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எஃப்டி' என்று போய் இரண்டையும் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்குக்கு 'சிபி' கட்டளையால் நகலெடுத்து, பெயர்களைப் பழையபடி பொருத்தினோம். நகலைத் திறந்து ஓடவிட்டதும் ஆச்சியின் குரல் போனிலேயே எனக்குக் கேட்டது.

மிச்சம்தான் கடினம். ஃபோல்டரில் இருந்த வேவ் ஒலிக் கோப்புகளை எந்த ப்ரோகிராமும் திறந்து வைத்திருக்கவில்லை. அந்த டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான எக்ஸ்ட்4-இல் கோப்பை அழிக்கும்போது, தரவு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பும், கோப்பின் விவரப் பதிவான ஐநோடிலிருந்து துடைக்கப்படுகிறது. ஆனால் தரவு அப்படியே கிடக்கும். பட்டாவில் பெயரை அடித்தாலும் வேறொருவன் உழும்வரை நிலம் அங்கேதானே இருக்கிறது? யாரும் உழுதுவிடாதபடி ஆடாசிட்டியை மூடி, ஹார்டு டிஸ்க்கை அன்மவுண்ட் செய்தோம். அது சுழலும் டிஸ்க்காக இருந்தது எங்கள் நல்ல நேரம். எஸ்எஸ்டியாக இருந்து, அழித்த இடத்தைக் காலி செய்துவிடும் ட்ரிம் ஓடியிருந்தால் அநேகமாகக் கைவிட வேண்டியதுதான்.

பிறகு, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் ப்ரோகிராம். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'டெஸ்ட்டிஸ்க்' பேக்கேஜை நிறுவினால் கூடவே வரும், இலவசம். கோப்பின் தொடக்க எழுத்துகளை வைத்தே தேடுகிறது. வேவ் என்றால் ஆர்ஐஎஃப்எஃப். காலி இடத்தில் மட்டும் தேடு என்று தேர்ந்தெடுத்து, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் சேமிக்கச் சொன்னோம். அதே டிஸ்க்கில் சேமித்தால், மீட்க வந்த பாட்டின் மேலேயே எழுதிவிடும்.

இரவு முழுக்க ஓடியது. வந்தவற்றுக்குப் பெயர் இல்லை, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். சில கோப்புகள் துண்டு துண்டாகக் கிடந்தவை போலும், நடுவில் வெறும் இரைச்சலாக மாறிவிட்டன. மற்றதையெல்லாம் அம்மா உட்கார்ந்து கேட்டு, இது ஆண்பிள்ளைத் தாலாட்டு, இது பெரியப்பா இறந்தபோது பாடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி பெயர் வைத்தான். இரைச்சலாகிப்போன பாட்டுகளில் அம்மாவுக்கு வரிகள் தெரிந்தவற்றை அவர் குரலிலேயே அடுத்த வாரம் பதியப் போகிறோம்.