மடிய மறுக்கும் ஒய்ஜே கிரில்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் எம்பி முதல் ரேங்ளர் ஜேஎல் வரை ஜீப்புகளின் மாதிரிகளைப் பிளாஸ்டிக் தகட்டில் 1/24 அளவில் வரிசையாகச் செய்து வருகிறேன். அதில் 1987 மாடலாக வந்த ரேங்ளர் ஒய்ஜே மட்டும் மல்லுக்கு நிற்கிறது. அதற்கு முந்தைய ஜீப்புகளுக்கெல்லாம் தட்டை முகம். இதற்கோ, ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள பிளவுத் தட்டியான கிரிலின் குறுக்கே ஒரு மடிப்பு. மேல்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும்.

செவ்வக விளக்குகளுக்காக இந்த வண்டியைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கு அவற்றின்மேல் கோபமே இல்லை, வெட்டுவது சுலபம். மடிப்புதான் உயிரை வாங்குகிறது. ஏழு பிளவுகளும் மடிப்பைத் தாண்டிப் போவதால், உண்மையில் மடிய வேண்டியவை இடையிலுள்ள மெல்லிய கம்பிகள். பின்புறம் கீறி மடித்தால் நடுக்கம்பி வெளுத்து முறிகிறது. வெந்நீரில் தோய்த்தால் முறிவதில்லை, பிளவின் விளிம்பு நெளிகிறது. இப்போது முழுத் தகட்டையும் முதலில் மடித்து, உட்புறம் பசை ஓடவிட்டு, நன்றாக இறுகிய பிறகே பிளவுகளை அரத்தால் திறக்கிறேன். ஐந்து நேராக வந்துவிட்டன. மீதி இரண்டும் அடம் பிடிக்கின்றன.

தகடு விற்பவர்களும் உதவுவதில்லை. அரை மில்லிமீட்டர் என்று அச்சிட்ட பாக்கெட்டில் பாதித் தகடுகள் அளந்தால் 0.6 காட்டுகின்றன. பிறகு கீறலின் ஆழத்தை எப்படிக் கணிப்பது? கடையை மாற்றிவிட்டேன்.

எம்பியைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கு உரிமை உண்டு. 1941-இன் முதல் வண்டிகளில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த கிரில்தான் இருந்தது. தகட்டை அழுத்திச் செய்த ஒன்பது பிளவு கிரில் ஃபோர்டு தந்தது, பின்னால் வந்தது. நான் செய்தது பட்டை வகை. அசல் வண்டியில் விளக்கைத் திருப்பி இஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம், என்னுடையதிலும் திரும்பும். பொதுமக்களுக்காக வந்த 1945-இன் சிஜே-2ஏ ஜீப்பில் விளக்கு பெருத்து முன்னால் வந்தது, பிளவுகள் ஏழாயின. எம்பியின் முன், பின் சக்கர இடைவெளி 80 அங்குலம், ஒய்ஜேயுடையது 93.4. என் அளவில் 84.7, 98.8 மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்தால் எம்பி குழந்தைபோல் தெரிகிறது.

ஒய்ஜே முடியாமலேயே அடுத்து வந்த ரேங்ளரான 1997-இன் டிஜேவுக்குச் செப்புக் கம்பியில் சுருள் ஸ்பிரிங் சுற்றிவிட்டேன். அது தட்டை முகத்துக்கும் வட்ட விளக்குக்கும் திரும்பிய வண்டி, புண்ணியவான்கள். நடுவில் 1953-இன் சிஜே-3பியும் பாக்கி. உயரமான புது இஞ்சினை அடக்கப் பானெட்டைத் தூக்கியதால் அதன் கிரிலும் நெட்டையானது. அதற்கு 0.5 தகடே போதும், உண்மையான 0.5 கிடைத்தால்.