பதவி விலகலும் ஒரு லெப்டினென்டின் கேள்வியும்

"பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் போய்விட்டால், அந்தப் பொறுப்பு இனி யாரிடம் இருக்கும், சார்?"

சிந்துரத்னா நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்பட்ட தீவிபத்தைத் தொடர்ந்து, கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பதவி விலகிய 2014 பிப்ரவரி 26 அன்று இரவு, என்கீழ் பணியாற்றிய இளம் லெப்டினென்ட் ஒருவர், அதிகாரிகள் கூடும் அறையான வார்டு ரூமில் இப்படிக் கேட்டார். "தலைமை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றேன். அதை நான் உளமார நம்பித்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலா என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

எங்கள் பயிற்சி முழுவதும் அந்தப் பதிலை நோக்கியே எங்களை வளர்த்தது. இரவில் உறங்கப் போகுமுன் கேப்டன், செல்ல வேண்டிய பாதை, வேகம், பிற கப்பல்கள் எவ்வளவு நெருங்கினால் தம்மை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் நைட் ஆர்டர் புக்கில் எழுதி வைப்பார். அடுத்தடுத்து வாட்ச் (காவல் முறை) ஏற்கும் அதிகாரிகள் அதைப் படித்துக் கையொப்பமிடுவார்கள். கீழே எத்தனை கையொப்பங்கள் இருந்தாலும், கப்பல் தரைதட்டினால் உறங்கிக்கொண்டிருந்த கேப்டனும் பதில் சொல்லியாக வேண்டும். 1974இல் பணியில் சேர்ந்து குதார், ரன்வீர், விராட் ஆகிய கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஜோஷி, கடற்படை முழுவதையும் அதே கண்ணோடு பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் தலைமைத் தளபதி ஒரு கப்பலின் கேப்டன் அல்லர் என்பதையும் நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கப்பலில் ஆணையிடும் அதிகாரமும் பதில் சொல்லும் கடமையும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. டெல்லியில் அப்படி இல்லை. புதிய நீர்மூழ்கிகளை வாங்குவது போன்ற பெரிய செலவுகளின் முடிவு பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருப்பதைப் பற்றி ஜோஷியே பின்னர் வெளிப்படையாகப் பேசினார். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் மாண்டதற்கும் இந்த விலகலுக்கும் இடையே ஆறு மாதங்களே கடந்திருந்தன. அரசு அன்றைய தினமே விலகலை ஏற்றுக்கொண்டது. அந்த வேகத்தைத்தான் லெப்டினென்ட் கவனித்திருக்கிறார். நானோ விலகியவரின் கண்ணியத்தை மட்டுமே கண்டேன்.

1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே டார்ப்பிடோ தாக்கி குக்ரி போர்க்கப்பல் மூழ்கியபோது, கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறவில்லை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று உயிரிழந்தார்கள். அவர் கப்பலிலேயே இருந்துவிட்டார், ஜோஷி பதவியிலிருந்து வெளியேறினார். இரண்டையும் ஒரே பண்பின் இரு வடிவங்கள் என்றுதான் நான் இளையவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். முல்லா இருந்ததால் எவருடைய சுமையும் கூடவில்லை. ஜோஷி விலகியபின், ஏப்ரல் 17 அன்று அட்மிரல் ஆர்.கே. தோவன் முறைப்படி பொறுப்பேற்கும்வரை, ஏறத்தாழ ஏழு வாரங்கள் கடற்படைக்கு நிரந்தரத் தலைமை இல்லை. அந்த வாரங்களிலும் நீர்மூழ்கிகள் கடலுக்குப் போகத்தான் வேண்டும்.

பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்த நிலையில், ஜோஷி இருந்து போராடியிருக்கலாமே என்று சில நாள் நினைக்கிறேன். போராடியிருந்தாலும் கோப்புகள் நகர்ந்திருக்காது, விலகியதால்தான் நாடே திரும்பிப் பார்த்தது என்று வேறு சில நாள் தோன்றுகிறது. சிந்துரத்னாவில் இறந்த இரண்டு அதிகாரிகளின் குடும்பத்தாருக்கு, உச்சியில் இருந்த ஒருவர் அன்றே பதவியைத் துறந்தது சிறிதேனும் ஆறுதலாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். அமைச்சகத்தில் யாரும் விலகவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.